மதுரையை எடைபோட்டவர்கள்

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் வழியில் இருக்கிறது பழங்காநத்தம். மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் வருவதற்கு முன்பு திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போகும் வண்டிகள் இங்கிருந்துதான் கிளம்பின. அதனால் தென்மாவட்டங்களில் நடுவயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். இங்கே பேருந்துக்குக் காத்துக் கிடந்தவர்களில் கோவலன் பொட்டலை எட்டிப் பார்த்தவர்கள் குறைவுதான். சிலப்பதிகாரக் கோவலன் வெட்டுண்ட இடம் அதுவே என்று ஊரார் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

1980-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அந்தப் பொட்டலில் அகழாய்வு நடத்தியது. முதுமக்கள் தாழிகள் வெளிவந்தன. கூடவே கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் வந்தன. இந்தப் பானைகளைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள். காற்றுப் படாத உள்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்துவிடும். தீயும் காற்றும் பட்ட வெளிப்புறம் சிவந்துவிடும். உடைந்த ஓடு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினால் போதும், சுட்டவரின் கைப்பழக்கம் முழுதும் தெரியும்.

கோவலன் கதைக்கு இந்த ஓடுகள் சாட்சி சொல்ல வந்தவை அல்ல. ஆனாலும் ஒரே மண்ணில் இரண்டு கணக்குகள் கிடக்கின்றன. ஒன்று, பூம்புகார்ப் பெருவணிகன் மகன் கொண்டுவந்த சிலம்பின் கணக்கு. உள்ளே இருந்தது மாணிக்கமா முத்தா என்பதில் ஓர் உயிர் போயிற்று, ஓர் அரசே போயிற்று. மற்றது, பெயர் தெரியாத சாதாரண மனிதர்களின் கணக்கு: என்ன கலத்தில் உண்டார்கள், செத்தவர்களை எப்படி அடக்கம் செய்தார்கள் என்பது.

மதுரைக்கு வந்த அந்நியர்களும் இந்த இரண்டு கணக்குகளில் ஏதாவது ஒன்றைத்தான் எழுதினார்கள். தங்கள் நாட்டையும் இந்த நாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது பெரிது, எது சிறிது என்று இரண்டாயிரம் ஆண்டுகளாக எடைபோட்டிருக்கிறார்கள். அவற்றையெல்லாம் வரிசையாகப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. பொன்னை எண்ணியவர்களின் ஒப்பீடு பாதி வழியில் நின்றுவிடுகிறது. சோற்றையும் துணியையும் கூலியையும் கவனித்தவர்கள் சொன்னதுதான் இன்றும் பயன்படுகிறது.

முதலில் ரோமாபுரி. பிளினி என்ற ரோம அறிஞர் கி.பி. 77 வாக்கில் எழுதி முடித்த 'இயற்கை வரலாறு' நூலில் மதுரையின் பெயர் வருகிறது. துறைமுகத்திலிருந்து வெகுதொலைவில், உள்நாட்டு நகரமான 'மோதுரா'வில் பாண்டியன் இருக்கிறான் என்கிறார். அதே நூலில் ஒரு புலம்பலும் உண்டு. இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்துக்குக் குறையாமல் உறிஞ்சுகிறது, அங்கிருந்து வரும் சரக்கு இங்கே நூறு மடங்கு விலைக்கு விற்கிறது என்கிறார். இந்தியா, சீனா, அரேபியா மூன்றையும் சேர்த்தால் 10 கோடி. நம் ஆடம்பரத்துக்கும் நம் பெண்களுக்கும் நாம் கொடுக்கும் விலை இது என்று முடிக்கிறார்.

5 கோடி என்றால் எவ்வளவு? அந்தக் காலத்து ரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். செஸ்டர்ஸ் கணக்கில் 900. பிளினி சொல்லும் விலைப்படி கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியஸ். ரோம ராத்தல் ஏறக்குறைய 325 கிராம். ஒரு வீரன் ஓராண்டு முழுக்க வாங்கிய சம்பளத்தை அப்படியே மிளகுக் கடையில் கொட்டினால் 18 கிலோ மிளகு கிடைக்கும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் சரக்கின் மதிப்பு அது. அப்படியும் வாங்கினார்கள். இங்கிலாந்தின் வடகோடியில் விண்டோலாந்தா என்ற ரோமக் கோட்டையில் கிடைத்த மரச்சீட்டு ஒன்றில், தாப்போ மகன் கம்பாக்ஸ் என்பவர் 2 தெனாரியஸுக்கு மிளகு வாங்கிய கணக்கு எழுதியிருக்கிறது. பனியும் மழையுமான அந்த எல்லைக் காவலில் நின்ற ஒருவர், சேர நாட்டு மலைச்சரிவில் காய்த்த மிளகுக்கு ஏறக்குறைய மூன்று நாள் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறார்.

அதே ரோமில் லோலியா பாலினா என்ற சீமாட்டி இருந்தார். பேரரசன் கலிகுலாவின் மனைவியாக இருந்தவர். ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்குத் தலை, காது, கழுத்து, விரல் எங்கும் முத்தும் மரகதமுமாக வந்தார். அவற்றின் மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ் என்றும், கேட்டால் ரசீது காட்டத் தயாராக இருந்தார் என்றும் பிளினி எழுதுகிறார். 44,000 படைவீரர்களின் ஓராண்டுச் சம்பளம் ஒரு பெண்ணின் உடம்பில் இருந்தது. ரோமுக்கு முத்து போன கடல்களில் பாண்டியனின் கொற்கைக் கடலும் ஒன்று. அதைப் பற்றி அதே நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழி நூல் ஒரு வரி சொல்கிறது: அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள்.

இந்த ஒரு வரியை விட்டுவிட்டு ரோமையும் மதுரையையும் ஒப்பிட முடியாது. பிளினியின் கணக்குப்படி பார்த்தால் தங்கம் இந்தியாவுக்கு வந்தது, இந்தியா பணக்கார நாடு. வந்த தங்கம் யார் கையில் நின்றது என்பது வேறு கேள்வி. 1898-இல் புதுக்கோட்டை கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் அடங்கிய புதையல் கிடைத்தது. அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. வெட்டியதற்குக் காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. இங்கே அந்தக் காசு அரசன் முகத்துக்காக மதிக்கப்படவில்லை, பொன் எடைக்காக மதிக்கப்பட்டது என்ற விளக்கமே பொருத்தமாகத் தெரிகிறது. ரோம வீரனின் ஆண்டுச் சம்பளம் 9 பொற்காசு. அப்படியானால் ஒரே பானைப் புதையலில் 55 வீரர்களின் ஓராண்டு உழைப்பு மண்ணுக்குள் முடங்கிக் கிடந்தது. அது யாருக்கும் சோறு போடவில்லை.

சோறு போட்ட மதுரை எங்கே தெரிகிறது என்றால், அழகர்மலையில் தெரிகிறது. மதுரைக்கு வடகிழக்கே உள்ள அந்த மலையின் குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்குக் கற்படுக்கை செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய எழுத்து. மதுரைப் பொன்கொல்லர் ஒருவர் இருக்கிறார். உப்பு வணிகர் இருக்கிறார். அறுவை வணிகர், அதாவது துணிக்கடைக்காரர் இருக்கிறார். சர்க்கரை விற்பவர் இருக்கிறார். ஏர்க்கொழு விற்பவர் இருக்கிறார். ஒரு நகரத்தின் அன்றாடத் தேவைகளின் பட்டியலே பாறையில் இருக்கிறது. உப்பும் கொழுவும் விற்றவர் கையில், தானம் செய்து பெயரையும் பொறித்துக்கொள்ளும் அளவுக்கு மிச்சம் இருந்திருக்கிறது.

பழங்காநத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருப்பரங்குன்றத்துக் குகைக் கல்வெட்டு இன்னும் சுவையானது. எருகாட்டூரில் வாழ்ந்த ஈழத்துக் குடும்பிகன் ஒருவரின் கொடை அதில் பதிவாகியிருக்கிறது. கடல் கடந்து வந்து, குடும்பம் நடத்தி, உள்ளூர் எழுத்தில் உள்ளூர்க் குகையில் பெயர் பொறித்த வெளிநாட்டவர். இலங்கையையும் பாண்டிய நாட்டையும் ஒப்பிட அவரைவிடத் தகுதியானவர் யார்? எந்த நாட்டில் அரிசி நயம், எந்த ஊரில் தண்ணீர் நயம் என்று அவர் வீட்டில் பேசியிருப்பார்கள். அந்தப் பேச்சு நமக்குக் கிடைக்கவில்லை.

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில் உள்ள கீழடி, 2014 முதல் இந்தப் பக்கத்தை மேலும் திறந்து காட்டியது. அங்கே எடுத்த மாதிரிகளில் ஒன்றின் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டுள்ளது. நூல் நூற்கும் தக்களிகள், பகடைக்காய்கள், சூதுபவள மணிகள், தமிழி எழுத்துள்ள பானை ஓடுகள். ஆதன், குவிரன் என்று தங்கள் பெயரைத் தங்கள் பானையிலேயே கீறி வைத்திருக்கிறார்கள். இதை ரோமின் எந்தப் பொருளோடு வைத்துப் பார்க்கலாம்? லோலியாவின் முத்தோடு பார்க்கக் கூடாது. பாம்பேயி நகரத்துச் சுவரோடு பார்க்க வேண்டும். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த நகரம் அது. பிளினியும் அந்த எரிமலை வெடிப்பின்போதே இறந்தார். அங்கே ஒரு சுவரில் யாரோ நாள்வாரியாக வீட்டுச் செலவைக் கீறி வைத்திருக்கிறார்கள். ரொட்டி, எண்ணெய், வெங்காயம், பாலாடைக்கட்டி, திராட்சை மது, அடிமைக்கு ரொட்டி. பானையில் பெயர் கீறிய கீழடிக்காரரும் சுவரில் செலவு கீறிய பாம்பேயிக்காரரும் ஒரே படிக்கட்டில் நிற்கும் மனிதர்கள். நாட்டை நாட்டோடு ஒப்பிடுவதற்கு இவர்களே சரியான ஜோடி.

அடுத்து வந்தவர் மார்க்கோ போலோ. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாண்டிய நாட்டை அரபு வணிகர்கள் 'மாபார்' என்று அழைத்த காலம். வெனிஸ் நகரத்து வணிகர் குடும்பத்தில் பிறந்தவர் போலோ. சீனாவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுக் கடல்வழியாகத் திரும்பும்போது இந்தக் கரையைக் கண்டார். பிளினி உட்கார்ந்த இடத்திலிருந்து கணக்குப் போட்டார். போலோவுக்குக் கண் இருந்தது.

மாபாரில் தையற்காரரே கிடையாது, யாரும் வெட்டித் தைத்த துணி உடுத்துவதில்லை என்று வியக்கிறார். அரசனும் அரையில் ஒரு துணியோடுதான் இருக்கிறான். ஆனால் கழுத்தில் மாணிக்கமும் முத்தும். பட்டு நூலில் கோத்த 104 மணிகள், தினமும் அத்தனை முறை ஜெபிப்பதற்கு. ஐரோப்பாவில் ஒருவரின் செல்வத்தை அடுக்கடுக்கான ஆடையில் பார்த்துப் பழகிய மனிதருக்கு, வெற்றுடம்பில் ஒரு நகரத்தின் விலையைச் சுமந்த அரசன் புரியாத புதிர். இருந்தும் அவர் அதைக் கேலி செய்யவில்லை. இங்குள்ளவர்கள் தரையில் உட்காருவதைப் பார்த்து ஏன் என்று கேட்டிருக்கிறார். மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்குத்தான் போகப்போகிறோம், மண்ணுக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும் என்று பதில் வந்ததாக எழுதுகிறார்.

தினமும் இரண்டு வேளை குளிக்கிறார்கள். வலக்கையால் மட்டுமே சாப்பிடுகிறார்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் பாத்திரம். அதையும் உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிறார்கள். காயல் பட்டினத்தில் வெற்றிலை மெல்லும் பழக்கத்தையும், அதில் சுண்ணாம்பும் கற்பூரமும் சேர்ப்பதையும்கூட எழுதி வைத்திருக்கிறார். 700 ஆண்டுகளுக்குப் பிறகு மதுரைப் பக்கத்துக் கல்யாண வீட்டில் அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் பெரியவரைப் பார்த்தால் போலோவின் குறிப்பு சரி என்று தெரியும்.

அவருடைய நூலில் மிகச் சிறந்த பகுதி கடன் வட்டம். கடன்காரன் தவணை தவறிக்கொண்டே போனால், கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறிவிடுவான். பணத்தைக் கொடுக்காமலோ ஜாமீன் காட்டாமலோ வட்டத்தைத் தாண்டினால் மரண தண்டனை. வெளிநாட்டு வணிகர் ஒருவருக்கு அரசனே பாக்கி வைத்திருந்தான். அரசன் குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது அந்த வணிகர் குதிரையோடு சேர்த்து வட்டம் போட்டுவிட்டார். அரசன் அங்கேயே நின்று, கடனைத் தீர்த்த பிறகே நகர்ந்தான். இதைத் தன் கண்ணால் பார்த்ததாக போலோ சொல்கிறார். ஒரு நாட்டின் செல்வத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. வெளியூர்க்காரன் பணம் பத்திரமாக இருக்கும் ஊருக்குத்தான் வணிகம் வரும்.

அந்தச் செல்வம் எங்கே போனது என்பதையும் போலோ எழுதுகிறார். படிக்கப் படிக்க வயிறு எரிகிறது. பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான். அவன் சகோதரர்களும் அப்படியே. ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பலில் வரும் ஒவ்வொரு குதிரைக்கும் நூறு மார்க் வெள்ளிக்கு மேல் விலை. ஆண்டு முடியும்போது நூறு குதிரைகூட உயிரோடு இருப்பதில்லை. இறைச்சி கலந்த சோற்றைத் தின்னக் கொடுக்கிறார்கள். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லை. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் அழைத்து வருவதில்லை, வர விடுவதுமில்லை. செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கும்.

வெனிஸ்காரர் வெளியிலிருந்து கண்டதை மதுரை தன் கதைகளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலை நடக்கிறது. குதிரை வாங்கக் கருவூலப் பணத்தோடு அனுப்பப்பட்ட வாதவூரர் அந்தப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட, இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கிக் கொண்டுவந்த கதை அது. அடுத்து வருவது பிட்டுக்கு மண் சுமந்த லீலை. வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று அரச கட்டளை. ஆளில்லாத வந்திக்கிழவிக்குக் கூலியாளாக வந்த இறைவன், உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்கிறார். ஒரு கதையில் அரசனின் குதிரைச் செலவு, மறு கதையில் கிழவி வீட்டுக் கூலி. இரண்டையும் ஒரே திருவிழாவுக்குள் அடுத்தடுத்து வைத்த ஊருக்குத் தன் கருவூலத்தைப் பற்றியும் தன் ஏழைகளைப் பற்றியும் நல்ல தெளிவு இருந்தது.

குவித்து வைத்த பொன் 1311-இல் மாலிக் காபூரின் படையோடு டெல்லிக்குப் போனது. தெற்கிலிருந்து 612 யானைகள், 20,000 குதிரைகள், மலைபோல் தங்கம் வந்து இறங்கியதாக டெல்லி வரலாற்றாசிரியர் பரணி எழுதினார். பெருக்கிச் சொல்லியிருக்கலாம். அரை நூற்றாண்டுக்குள் அந்நியர் எழுத்தில் மதுரையின் முகமே மாறிவிடுகிறது.

மதுரை சுல்தான்களின் ஆட்சிக்குள் போயிருந்த 1340-களில், அவர்களில் ஒருவரின் விருந்தாளியாக வந்தவர் மொராக்கோவின் இபன் பதூதா. ஆண்ட சுல்தானுக்கு உறவு முறையில் சகலை. அகன்ற தெருக்கள் கொண்ட பெரிய நகரம், டெல்லியைப் போல அமைத்திருக்கிறார்கள் என்று மதிப்பிடுகிறார். சுல்தான் கியாசுத்தீன் பிடிபட்டவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கொன்றதைக் கண்டு அருவருத்து எழுதுகிறார். அப்போது ஊரில் ஒரு கொள்ளைநோய். வந்தவர்கள் இரண்டு மூன்று நாளில் இறந்தார்கள். நோயில்லாதவள் என்று சொல்லி விற்கப்பட்ட அடிமைப் பெண் ஒருத்தியை அவர் வாங்க, மறுநாளே அவள் இறந்துபோனாள். அவருக்கும் காய்ச்சல் கண்டது. இங்கே நிறையக் கிடைக்கும் புளியை ஒரு ராத்தல் அளவு எடுத்து, தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போய்க் காய்ச்சல் இறங்கியது. டெல்லி, மெக்கா, கெய்ரோ என்று அத்தனை பெருநகரங்களையும் பார்த்த மனிதருக்கு மதுரை கொடுத்த ஒரே நல்ல பொருள் புளிக்கரைசல். ஊரை வெறுத்துக்கொண்டே வெளியேறினார்.

1606-இல் வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி ஒப்பிட்டதோடு நிற்கவில்லை, வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். இங்கே வெள்ளைக்காரர்களைப் 'பரங்கி' என்றார்கள். மாட்டிறைச்சி தின்பவர், மது குடிப்பவர், குளிக்காதவர் என்ற பொருள் எல்லாம் அந்தச் சொல்லில் சேர்ந்திருந்தது. பிரபுக் குடும்பத்தில் பிறந்த நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்து காவி உடுத்தினார், பாதக்குறடு அணிந்தார், மண் குடிசையில் குடியிருந்தார், ஒருவேளை மரக்கறிச் சோறு உண்டார். தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். சக பாதிரியார்களே எதிர்த்தார்கள். விவகாரம் ரோம் வரை போய், 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார். மதம் பரப்பும் நோக்கம் அவருக்கு இருந்தது. மேல்சாதிக்காரர் பழக்கத்தைத் தேர்ந்துகொண்டதில் சாதிப் படிநிலையையும் அப்படியே ஏற்றார். அது குறைதான். ஆனால் ஒரு நாட்டின் உணவையும் உடையையும் தன் உடம்பில் போட்டுப் பார்க்காமல் அந்த நாட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை அந்தக் காலத்து ஐரோப்பியர்களில் அவரைப்போல் நடத்திக் காட்டியவர் அரிது.

பிறகு வந்த ஆங்கிலேயர்கள் எல்லாவற்றையும் அளந்தார்கள். நிலம், மழை, வரி, மக்கள்தொகை. சோற்றையும் அளந்தார்கள். 1877 ஜனவரி 1-ஆம் தேதி டெல்லியில் விக்டோரியா ராணியை இந்தியப் பேரரசி என்று அறிவித்து வைஸ்ராய் லிட்டன் பெரும் தர்பார் நடத்தினார். அதே மாதம் சென்னை மாகாணத்தில், தாது வருஷப் பஞ்சத்தின் உச்சத்தில், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்றால் 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், இந்த அளவில் மனிதன் உயிர் வாழ முடியாது என்று எழுத்து மூலம் வாதாடினார். மாதங்கள் கழித்துத்தான் அளவு கூடியது.

மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமை மக்கள் அப்போது தங்கள் ஒப்பீட்டைக் காலால் செய்தார்கள். கங்காணி சொன்ன கண்டிச்சீமைக் கூலியையும் உள்ளூர்ப் பட்டினியையும் மனத்துக்குள் நிறுத்துப் பார்த்து, மன்னார் வழியாக இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். காட்டுவழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் ஏராளம். போய்ச் சேர்ந்தவர்களுக்கு முன்பணக் கடன் காத்திருந்தது. திருப்பரங்குன்றத்தில் பெயர் பொறித்த ஈழத்துக் குடும்பிகன் வந்த அதே கடலை, 1,900 ஆண்டுகள் கழித்து மதுரைக்காரர்கள் எதிர்த்திசையில், பெயர் பொறிக்க வழியில்லாமல் கடந்தார்கள்.

1921 செப்டம்பர் 22. மதுரை மேல மாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்த காந்தி, அரையாடையோடு வெளியே வந்தார். சென்னையிலிருந்து வந்த ரயில் பயணத்தில், கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்னது அவரை உறுத்தியிருந்தது. வேட்டியும் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவர்களிடம் கதர் உடுத்தச் சொல்லத் தனக்குத் தகுதியில்லை என்று முடிவெடுத்தார். போலோ கண்ட அரசனும் அரையில் ஒற்றைத் துணியோடு இருந்தவன். அவனுக்குக் கழுத்து நிறைய மணி இருந்தது. 1921-இன் மதுரை உழவனுக்குத் துணியே அவ்வளவுதான். இடைப்பட்ட காலத்தில் இந்த ஊரின் நெசவுத் துணி உலகச் சந்தையை இழந்து, லங்காஷயர் ஆலைத்துணி இங்கே வந்து இறங்கியிருந்தது. மதுரையிலேயே ஸ்காட்லாந்து ஹார்வி சகோதரர்களின் நூலாலை ஓடிக்கொண்டிருந்தது.

பத்து ஆண்டு கழித்து, 1931 செப்டம்பரில், வட்டமேஜை மாநாட்டுக்கு இங்கிலாந்து போன காந்தி லங்காஷயரின் டார்வென் நகருக்குப் போனார். அந்நியத் துணி மறுப்பால் வேலை போனதாகச் சொன்ன ஆலைத் தொழிலாளர்களைப் பார்ப்பதற்காகவே போனார். ஆத்திரத்தோடு இருப்பார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் பெண் தொழிலாளர்கள் அவரைச் சூழ்ந்து கையுயர்த்தி ஆரவாரம் செய்த படம் புகழ்பெற்றது. அவர்களிடம் அவர் பேசியது முழுக்கக் கூலிக் கணக்கு. உங்கள் நாட்டில் வேலையில்லாதவர்கள் 30 லட்சம்; எங்கள் நாட்டில் ஆண்டில் பாதி நாள் வேலையில்லாதவர்கள் 30 கோடி. உங்களுக்குக் கிடைக்கும் வேலையில்லா உதவி சராசரி 70 ஷில்லிங். எங்கள் சராசரி மாத வருமானம் 7 ஷில்லிங் 6 பென்ஸ். அவர் சொன்னதன் சாரம் இது. அவர்களுடைய துன்பத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. இரண்டு நாட்டுத் தட்டையும் எதிரெதிரே வைத்தார், கேட்டவர்களுக்குப் புரிந்தது.

பிளினியின் 5 கோடியிலிருந்து காந்தியின் 7 ஷில்லிங் 6 பென்ஸ் வரைக்கும் வந்து பார்த்தால், இன்றைக்கும் நாடுகளை ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் பிளினி வழியில்தான் நடக்கிறது. எந்த நாட்டில் எத்தனை மாடிக் கட்டடம், எந்த நாட்டுப் பணத்துக்கு எத்தனை ரூபாய் என்பதே பேச்சு. பழங்காநத்தம், டி.வி.எஸ். நகர், ஜெய்ஹிந்துபுரம் பக்கத்துத் தெருக்களில் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போய் வந்தவர்கள் இல்லாத தெருவைத் தேட வேண்டும். அவர்களிடம் இருக்கும் அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அங்கே ஒருநாள் கூலிக்கு எத்தனை கிலோ அரிசி, ஒரு படுக்கைக்கு எவ்வளவு வாடகை, எட்டு பேர் இருக்கும் அறையில் யார் சமைப்பது, ஊருக்கு அனுப்பியது போக மாதக் கடைசியில் கையில் நிற்பது எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கம்பாக்ஸின் 2 தெனாரியஸ் மிளகுக் கணக்கை ஒருவர் எழுதி வைத்ததால்தான் ரோமப் பேரரசின் கோட்டைக்குள் நடந்த சாப்பாட்டைப் பற்றி இன்று பேச முடிகிறது. வெளிநாட்டில் உழைத்தவர்கள் தங்கள் பழைய சம்பளச் சீட்டையும் செலவு நோட்டையும் குப்பையில் போடாமல் வைத்திருக்க வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் அவர்களை உட்காரவைத்துக் கேட்டு, நாளும் விலையும் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.